கூழாங்கல், கொட்டுக்காளி: மதுரைச் சமவெளியின் மணவாழ்வுப் படங்கள்

கூழாங்கல் (2021), கொட்டுக்காளி (2024) இரண்டும் பி.எஸ். வினோத்ராஜ் எழுதி இயக்கிய தமிழ்த் திரைப்படங்கள். மதுரை நகருக்கு வெளியே மேலூர், பாலமேடு பகுதிகளின் வறண்ட நிலத்தில் நிகழ்பவை. முதல் படம் கணவனின் அடி தாங்காமல் பிறந்த வீட்டுக்குப் போன மனைவியைத் தேடிச் செல்லும் ஒருவனின் கதை. இரண்டாவது படம் வேறொருவனை விரும்பியதற்காக, பேய் பிடித்தவளாகக் கருதப்படும் ஒரு பெண்ணின் கதை. மகிழ்ச்சியற்ற மணவாழ்வு, துணைக்குச் செய்யும் துரோகம் என்னும் இரண்டு கருக்களையும் தமிழ்த் திரைப்படம் நெடுங்காலமாக வீட்டுக்குள் வைத்தே பேசிவந்தது. அவற்றைத் தெருவுக்கும் பேருந்துக்கும் பொட்டல்வெளிக்கும் கொண்டுவந்தவை என்ற வகையில் இவ்விரு படங்களும் முக்கியமானவை.

== இயக்குநர் ==

பி.எஸ். வினோத்ராஜ் மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதியைச் சேர்ந்தவர். சிறுவயதிலேயே படிப்பை விட்டு மதுரைப் பூச்சந்தையிலும், பின்னர் திருப்பூர் ஆலைகளிலும் வேலை செய்தார். சென்னையில் குறுந்தகடு விற்கும் கடையில் வேலை பார்த்தபோது உலகத் திரைப்படங்களைப் பார்க்கும் வாய்ப்பைப் பெற்றார். ச. முருகபூபதியின் 'மணல்மகுடி' நாடகக்குழுவோடும் இணைந்து பணியாற்றினார். கூழாங்கல் படத்தில் கணபதியாக நடித்த கருத்தடையான் அந்த நாடகக்குழு வழியாக வந்த நடிகர்.

கூழாங்கல் படத்தின் கரு வினோத்ராஜின் குடும்பத்தில் நடந்த ஒரு நிகழ்விலிருந்து வந்தது. அவருடைய சகோதரி புகுந்த வீட்டிலிருந்து விரட்டப்பட்டு, கைக்குழந்தையுடன் 13 கிலோமீட்டர் நடந்து தாய்வீட்டுக்கு வந்தார். படத்தில் வினோத்ராஜ் அந்த நடையை இடம் மாற்றினார். பெண் நடந்த தூரத்தை ஆண் நடக்கிறான். படத்தின் அறநிலைப்பாடு முழுவதும் இந்த ஒரு மாற்றத்தில் அடங்கியிருக்கிறது.

== கதைச்சுருக்கம் ==

=== கூழாங்கல் ===

குடிகாரனான கணபதி பள்ளிக்கூடத்துக்கு வந்து, வகுப்பிலிருக்கும் மகன் வேலுவை வெளியே அழைக்கிறான். மனைவி சாந்தி பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அவளைத் திரும்பக் கொண்டுவர மகனையும் அழைத்துக்கொண்டு பேருந்தில் செல்கிறான். மாமனார் வீட்டை அடையும்போது சாந்தி அங்கே இல்லை. அவள் ஏற்கெனவே தன் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். மைத்துனனோடு கைகலப்பு நடக்கிறது. கொன்றுவிடும் கோபத்தோடு கணபதி திரும்புகிறான். பேருந்துக்கு வைத்திருந்த பணத்தை வேலு கிழித்துப் போடுகிறான். இருவரும் உச்சிவெயிலில் நடந்தே ஊர் திரும்புகிறார்கள். படம் 75 நிமிடம் ஓடக்கூடியது. 2021-ஆம் ஆண்டு ராட்டர்டாம் சர்வதேசத் திரைப்பட விழாவில் டைகர் விருது பெற்றது. 94-ஆவது ஆஸ்கார் விருதுக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது.

=== கொட்டுக்காளி ===

மீனாவுக்கு முறைமாமன் பாண்டியோடு திருமணம் என்று முடிவாகியிருக்கிறது. கல்லூரியில் படித்த மீனா வேறு சாதியைச் சேர்ந்த ஒருவனை விரும்புகிறாள். யார் கேட்டாலும் பதில் சொல்வதில்லை. அவளுக்கு யாரோ வசியம் வைத்துவிட்டார்கள், பேய் பிடித்திருக்கிறது என்று குடும்பம் நம்புகிறது. ஒரு ஆட்டோவிலும் சில இருசக்கர வாகனங்களிலும் இரு வீட்டாரும் சேர்ந்து அவளைப் பேயோட்டுபவரிடம் அழைத்துச் செல்கிறார்கள். அந்த ஒருநாள் பயணமே படம். பாண்டியாக சூரியும், மீனாவாக அன்னா பென்னும் நடித்தனர். பின்னணி இசை இல்லாத இப்படம் 2024 பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவின் ஃபோரம் பிரிவில் முதலில் திரையிடப்பட்டது. 2024 ஆகஸ்ட் 23 அன்று திரையரங்குகளில் வெளியானது. 'கொட்டுக்காளி' என்பது பிடிவாதக்காரியைக் குறிக்கும் தென்மாவட்ட வழக்குச்சொல்.

== தமிழ்ப் படங்களில் மணவாழ்வும் துரோகமும் ==

தமிழில் மணவாழ்வின் கசப்பைப் பேசிய படங்களை இரண்டு மரபுகளாகப் பிரிக்கலாம்.

முதலாவது நகர்ப்புற நடுத்தர வர்க்கத்து வீடுகளை மையமாகக் கொண்டது. கே. பாலசந்தரின் சிந்து பைரவி (1985), கே. பாக்யராஜின் சின்ன வீடு (1985), பாலு மகேந்திராவின் மறுபடியும் (1993) ஆகியவை இதில் அடங்கும். இப்படங்களில் வழிதவறுபவன் கணவன். அவன் திரும்பி வரும்போது மனைவி ஏற்றுக்கொள்வாளா என்பதே கேள்வி. சின்ன வீடு ஏற்றுக்கொள்வதை நகைச்சுவையோடு நியாயப்படுத்தியது. மகேஷ் பட்டின் 'அர்த்' (1982) இந்திப் படத்தைத் தழுவிய மறுபடியும் ஏற்க மறுப்பதைக் கண்ணியமான முடிவாகக் காட்டியது. முடிவு எதுவானாலும் வழக்கு இருவருக்கிடையே, ஒரு அறைக்குள் நடக்கிறது.

இரண்டாவது மரபு கிராமத்தை மையமாகக் கொண்டது. மகேந்திரனின் உதிரிப்பூக்கள் (1979) மனைவியை வதைக்கும் ஊர்ப்பெரிய மனிதனைக் காட்டி, அவனை ஊரின் முன் நிறுத்தியது. பாரதிராஜாவின் முதல் மரியாதை (1985) வயதான ஒருவருக்கும் இளம்பெண்ணுக்கும் இடையே உருவாகும் அன்பைப் பேசியது. அந்த அன்பு தூய்மையானதாகத் தோன்றவேண்டும் என்பதற்காக மனைவி பொன்னாத்தா கொடுஞ்சொல் பேசுபவளாக அமைக்கப்பட்டாள். ஆணின் மனம் வேறிடம் செல்வதை ரசிகர் ஏற்க, மனைவியைக் குற்றவாளியாக்க வேண்டியிருந்தது.

மனைவியின் மனம் வேறிடம் செல்வதைப் பேசிய படங்கள் மிகக் குறைவு. பொன்னீலனின் 'உறவுகள்' நாவலைத் தழுவி மகேந்திரன் எடுத்த பூட்டாத பூட்டுகள் (1980) அவற்றில் ஒன்று. குழந்தையில்லாத ஒரு பெண்ணுக்கு வேறொருவன் மேல் ஏற்படும் ஈர்ப்பை அது பேசியது. அந்த வழியில் பின்னர் அதிகம் பேர் செல்லவில்லை.

மதுரை வட்டாரத்தைக் களமாகக் கொண்ட படங்கள் 2000-க்குப் பிறகு பெருகின. அவை பெரும்பாலும் ஆண்களின் நட்பையும் பழியையும் பேசின. அமீரின் பருத்திவீரன் (2007) படத்தின் முத்தழகு அவற்றில் தனித்து நின்ற பெண் பாத்திரம். அவளும் மீனாவைப் போலப் பிடிவாதக்காரி, அவளும் வீட்டில் அடிபடுகிறாள். ஆனால் முத்தழகு விரும்புவது உறவுமுறை கொண்ட ஒருவனை. அதனால் அவளுடைய பிடிவாதத்தை ரசிகரால் காதலாகக் கொண்டாட முடிந்தது. மீனா விரும்புவது உறவுக்கு வெளியே, சாதிக்கு வெளியே இருக்கும் ஒருவனை. அதே பிடிவாதம் இங்கே நோயாகிவிடுகிறது.

== கதவில்லாத மணவாழ்வு ==

மேற்கத்தியப் புறநகர் மணவாழ்வுப் படங்களோடு ஒப்பிடும்போது வினோத்ராஜின் படங்களின் தனித்தன்மை தெளிவாகத் தெரிகிறது. ரிச்சர்ட் யேட்ஸின் 1961-ஆம் ஆண்டு நாவலைத் தழுவி சாம் மெண்டிஸ் இயக்கிய 'ரெவல்யூஷனரி ரோடு' (2008) அவ்வகைக்குச் சிறந்த உதாரணம். அழகான வீடு, புல்வெளி, மூடிய கதவு, உள்ளே சிதையும் இருவர் என்பது அதன் அமைப்பு. வெளியே தெரியாமல் இருப்பதே அங்கு துயரம்.

மதுரைச் சமவெளியில் மூடிய கதவு இல்லை. கணபதி தன் மனைவியைப் பற்றிய கோபத்தை ஊர் முழுக்கச் சுமந்து செல்கிறான். பள்ளிக்கூடத்தில், பேருந்தில், மாமனார் வீட்டு வாசலில் என எல்லா இடத்திலும் அது வெடிக்கிறது. பேருந்தில் அவன் மூட்டும் சண்டை அங்கிருக்கும் அனைவரையும் தொடுகிறது. கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் நடுவழியில் இறங்கிவிடுகிறாள். ஒரு வீட்டின் சண்டை முன்பின் தெரியாத ஒரு தாயை வெயிலில் இறக்கிவிடுகிறது என்பதைப் படம் எந்த விளக்கமும் இல்லாமல் காட்டிச் செல்கிறது.

கொட்டுக்காளியில் இது இன்னும் விரிவடைகிறது. மீனாவின் மனம் ஒரு குடும்ப ஊர்வலத்தின் பொருளாகிறது. அத்தைகள், மாமன்கள், பெற்றோர், பாண்டியின் நண்பர்கள், ஆட்டோ ஓட்டுபவர், ஒரு சிறுவன் எனப் பலர் உடன் வருகிறார்கள். எல்லோருக்கும் அவளைப் பற்றி ஒரு கருத்து இருக்கிறது. அவள் யாரை விரும்புகிறாள் என்பது அவளுடைய அந்தரங்கமாக இருக்க அங்கே இடமே இல்லை.

இந்தச் சூழலில் பெண்ணுக்கு எஞ்சியிருக்கும் ஒரே தனியிடம் என்ன என்னும் கேள்விக்கு இரு படங்களும் இரண்டு விடைகளைத் தருகின்றன. சாந்திக்கு அது இல்லாமலிருத்தல். மீனாவுக்கு அது பேசாமலிருத்தல். கணபதியின் பயணம் முழுவதிலும் சாந்தி திரைக்கு வெளியே இருக்கிறாள். மீனா திரையின் நடுவே இருந்துகொண்டு வாய் திறக்க மறுக்கிறாள். இருவரும் தங்களைச் சூழ்ந்திருப்பவர்களின் கைக்கு எட்டாத இடம் ஒன்றைக் காத்துக்கொள்கிறார்கள்.

== துரோகம் என்னும் குற்றச்சாட்டு ==

கொட்டுக்காளியின் மையத்தில் ஒரு முரண் இருக்கிறது. பாண்டிக்கும் மீனாவுக்கும் திருமணம் நடக்கவில்லை. ஆனால் பாண்டி ஏமாற்றப்பட்ட கணவனைப் போலவே நடந்துகொள்கிறான். சுற்றத்தாரும் அவனை அப்படியே நடத்துகிறார்கள். தாலி கட்டுவதற்கு முன்பே துரோகம் நிகழ்ந்துவிட்டது.

இதன் வேர் முறை என்னும் கருத்தில் இருக்கிறது. தென்மாவட்டங்களின் பல சாதிகளில் தாய்மாமனுக்கும் அத்தை, மாமன் மகனுக்கும் பெண்மீது 'உரிமை' உண்டு என்ற நம்பிக்கை வலுவானது. காது குத்துவதிலும் சடங்கு சுற்றுவதிலும் மாமன் செய்யும் சீர் அந்த உரிமையை ஊரறிய நிலைநாட்டுகிறது. பெண் பிறக்கும்போதே அவள் யாருக்கு என்ற கணக்கு தொடங்கிவிடுகிறது. அவளைப் படிக்க வைத்ததும் செலவு செய்ததும் அந்தக் கணக்கில் சேர்கின்றன. எனவே அவள் வேறொருவனை விரும்புவது ஒரு ஆணுக்கு எதிரான குற்றமாக மட்டும் பார்க்கப்படுவதில்லை. இரு வீட்டுக்கும் பொதுவான சொத்தை வெளியே கொடுத்துவிட்ட குற்றமாகப் பார்க்கப்படுகிறது.

இந்தப் பார்வை கிராமத்துக்கு மட்டும் உரியதல்ல. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497-ஆவது பிரிவு, கணவனின் சம்மதமின்றி அவன் மனைவியோடு உறவுகொள்ளும் ஆணைத் தண்டித்தது. கணவன் சம்மதித்தால் அது குற்றமில்லை என்ற நிலையும் அதில் இருந்தது. மனைவியைக் கணவனின் உடைமையாகக் கருதும் இப்பிரிவை உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பர் 27 அன்று ஜோசப் ஷைன் வழக்கில் நீக்கியது. சட்டத்தில் நீங்கிய அதே உடைமையுணர்வு ஆட்டோவில் ஏறி ஊர்வலம் போவதைத்தான் கொட்டுக்காளி காட்டுகிறது.

படத்தின் மிகக் கொடிய காட்சி இதை நிறுவுகிறது. வழியில் பூப்புனித நீராட்டு விழா ஒன்றுக்குச் செல்லும் கூட்டம் எதிர்ப்படுகிறது. ஒலிபெருக்கியில் ஒலிக்கும் திரைப்பாடலை மீனா தன்னையறியாமல் முணுமுணுக்கிறாள். அதைப் பார்த்ததும் பாண்டி வெறிகொண்டு அவளை அடிக்கிறான். தடுக்க வரும் பெண்களையும் அடிக்கிறான். அவள் பேசாததுவரை பொறுத்திருந்தவன், அவள் தனக்குள் மகிழ்ச்சியாக இருக்கிறாள் என்று தெரிந்த நொடியில் உடைகிறான். அவளுக்கென்று ஓர் உள்ளுலகம் இருப்பதே அவனுக்குத் துரோகமாகிறது. மணத்துரோகம் பற்றிய தமிழ்க் காட்சிகளில் இதற்கு இணையாகக் கூர்மையானவை மிகச் சில.

== நிலமும் நடையும் ==

கூழாங்கல் மேலூர் வட்டத்தின் அரிட்டாபட்டியையும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளையும் களமாகக் கொண்டது. கரும்பாறைக் குன்றுகளும் முட்செடிகளும் நிறைந்த நிலம் அது. படம் அந்த நிலத்தை அழகுபடுத்தவில்லை, வெறும் பின்னணியாகவும் வைக்கவில்லை. நிலமே கணபதியின் கோபத்தைக் கரைக்கிறது. கொலைவெறியோடு கிளம்பியவன் பல கிலோமீட்டர் வெயிலில் நடந்தபின் வெறும் களைத்த மனிதனாகிறான்.

இதைச் சாதிப்பவன் வேலு. பணத்தைக் கிழித்தெறியும்போது அவன் தன் தாய்க்கு நேரம் வாங்கித் தருகிறான். பேருந்து அரை மணியில் கடக்கும் தூரத்தை அரை நாளாக நீட்டுகிறான். கண்ணாடித் துண்டால் வெயிலைப் பிரதிபலித்துத் தந்தையின் முதுகில் அடிக்கிறான். வேலு வாதிடுவதில்லை, அழுது கெஞ்சுவதும் இல்லை. பிஞ்சு வயதில் ஒருவன் கற்றுக்கொண்ட உயிர்காக்கும் உத்தி இது.

தாகம் தெரியாமலிருக்க வேலு ஒரு கூழாங்கல்லை வாயில் அடக்கிக்கொள்கிறான். வீட்டுக்கு வந்ததும் அதை ஏற்கெனவே சேர்த்திருக்கும் கற்களோடு வைக்கிறான். இந்த நடை முதல்முறை அல்ல என்று பார்வையாளர் அறிவது அப்போதுதான். சாந்தி பலமுறை சென்றிருக்கிறாள், பலமுறை திரும்பியிருக்கிறாள். ஒரு மணவாழ்வின் வரலாற்றை ஒரு வசனமும் இல்லாமல் ஒரு குவியல் கல் சொல்லிவிடுகிறது. இறுதியில் பெண்கள் ஊற்றுக்குழியில் கசியும் நீரைச் சிறுகச்சிறுகக் கோரிக் குடத்தை நிரப்புகிறார்கள். ஆண்களின் கோபத்துக்கு நாள் முழுவதும் நேரம் இருக்கிறது. பெண்களின் நாள் ஒரு குடம் தண்ணீருக்குச் செலவாகிறது.

கொட்டுக்காளியில் வழியை மறிக்கும் காளை இதற்கு இணையான காட்சி. ஆண்கள் கூட்டமாகப் போராடியும் நகராத காளையை ஒரு சிறுமி வந்து எளிதாக அழைத்துச் செல்கிறாள். பலியிடக் கொண்டுசெல்லும் சேவல் காலில் கட்டோடு உடன்வருகிறது. சேவலுக்கும் மீனாவுக்கும் உள்ள ஒப்புமை வெளிப்படையானது. காளைக்காட்சி அதைவிட நுட்பமானது, ஏனெனில் அதில் ஒப்புமையைத் தாண்டி அன்றாடத்தின் நகைச்சுவையும் இருக்கிறது.

== ஆண்கள் ==

இரு படங்களும் ஆண்களை அரக்கர்களாக்கி ஒதுக்கிவிடவில்லை. கணபதியின் வன்முறைக்குப் படம் மன்னிப்புக் கோரவில்லை, ஆனால் அவன் வாழும் நிலத்தின் வறுமையை மறைக்கவும் இல்லை. வழியில் ஒரு குடும்பம் வயல் எலிகளைப் பிடித்துச் சுட்டுத் தின்கிறது. அந்தக் காட்சி கணபதிக்கு நியாயம் சேர்க்க வைக்கப்பட்டதல்ல. அதே பசியில் அடிக்காமலும் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் அது காட்டுகிறது.

பாண்டிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. கழுத்தில் சுண்ணாம்பு தடவியிருக்கிறான். கத்திக் கத்திக் குரல் போன ஒருவன், பேச மறுக்கும் ஒருத்தியை ஆள நினைக்கிறான் என்பது படத்தின் மௌனமான கேலி. நகைச்சுவை நடிகராக அறியப்பட்ட சூரி அந்த இயலாமையை உடலிலேயே கொண்டுவருகிறார்.

== விமர்சனம் ==

கொட்டுக்காளியின் திறந்த முடிவும் இசையின்மையும் வெளியீட்டின்போது விவாதிக்கப்பட்டன. அவை குறைகள் அல்ல. இசை இல்லாததால் ஆட்டோவின் இரைச்சலும் பெண்களின் பேச்சும் முழு எடையோடு கேட்கின்றன. உண்மையான கேள்வி வேறிடத்தில் இருக்கிறது.

மீனாவின் மௌனம் படத்தின் வலிமை, அதுவே அதன் எல்லையும்கூட. அவள் விரும்பியவனுக்கு முகமில்லை. அந்த விருப்பம் எப்படித் தொடங்கியது, அவளுக்கு அது என்ன தந்தது என்பதற்குப் படத்தில் தடயம் குறைவு. அவளுடைய காதலைப் பார்வையாளர் அறிவது பெரும்பாலும் அதைக் குற்றம் சொல்பவர்களின் வாய்வழியாகத்தான். பாடலை முணுமுணுக்கும் அந்தச் சில நொடிகளில் மட்டும் அவள் உள்ளம் திறக்கிறது. உடனே அடி விழுகிறது. இன்னும் ஒரு நொடி நீண்டிருந்தால் அவள் எதிர்ப்பின் சின்னமாக மட்டும் இல்லாமல், விரும்பும் ஒரு பெண்ணாகவும் நிலைத்திருப்பாள்.

முடிவிலும் இதே சிக்கல் உள்ளது. பேயோட்டுபவர் இன்னொரு பெண்ணின் உடலைத் தொட்டு நடத்தும் சடங்கைப் பாண்டி பார்க்கிறான். அவன் தயங்கி நிற்க, படம் முடிகிறது. காட்சி வலுவானது. ஆனால் மீனாவின் விதி மீண்டும் ஒரு ஆணின் மனமாற்றத்தைச் சார்ந்ததாகிறது. பாண்டி தயங்குவது அவள் ஒரு தனிமனுஷி என்று உணர்ந்ததாலா, அல்லது தன் உரிமைப்பொருளை இன்னொருவன் தொடப்போகிறான் என்பதாலா என்பதைப் படம் சொல்வதில்லை. இரண்டாவது காரணம் என்றால் பாண்டி மாறவே இல்லை. இந்த ஐயத்தைப் பார்வையாளரிடம் விட்டுச்செல்வதே படத்தின் நேர்மை என்றும் வாதிடலாம்.

கூழாங்கல்லில் இந்தச் சிக்கல் இல்லை. சாந்தி திரையில் இல்லாதபோதும் கதையைத் தீர்மானிக்கும் செயல்களைச் செய்தவள் அவளே. அவளே சென்றாள், அவளே திரும்பினாள். கணபதியின் பயணம் முழுவதும் அவளுடைய முடிவுக்குப் பின்னால் தாமதமாக ஓடும் ஓட்டம்தான். ஆனால் அவள் திரும்பியது விருப்பத்தாலா, வேறு வழியின்மையாலா? கற்குவியல் இரண்டாவது விடையையே சுட்டுகிறது. பிறந்த வீட்டிலும் நிலைக்க முடியாது, புகுந்த வீட்டிலும் வாழ முடியாது என்ற நிலையில் அவள் வாழ்வே அந்த 13 கிலோமீட்டர் சாலையாகிவிட்டது.

== இடம் ==

தமிழ் மணவாழ்வுப் படங்கள் கணவன் திரும்பி வருவானா, மனைவி மன்னிப்பாளா என்று கேட்டன. கூழாங்கல், கொட்டுக்காளி இரண்டும் பெண் யாருக்குச் சொந்தம் என்று யார் முடிவு செய்தார்கள் என்று கேட்கின்றன. இந்த மாற்றத்தை உபதேசமாகச் சொல்லாமல் நடையாகவும் பயணமாகவும் ஆக்கியது வினோத்ராஜின் கலைவெற்றி. இரண்டில் கொட்டுக்காளி பரந்த சமூகச் சித்திரத்தைத் தருகிறது. கூழாங்கல் கச்சிதமான கலைவடிவம் கொண்டது. அரிவாளும் வீராப்புமாக அறியப்பட்ட மதுரை வட்டாரத் திரையுலகில், வாயில் கல்லை அடக்கிக்கொண்டு நடக்கும் சிறுவனும் வாய் திறக்க மறுக்கும் பெண்ணும் புதியவர்கள். தமிழ்ப் படங்களில் இந்த நிலத்தின் வீடுகளுக்குள் நடப்பவற்றுக்கு இனி வரும் இயக்குநர்கள் இவர்களிடமிருந்தே தொடங்கவேண்டியிருக்கும்.